பெயருள்ளோரும் பெயரற்றோரும்: விவான் சுந்தரத்தின் ஆவணங்கள்

1993 ஜனவரியில் பம்பாய்க் கலவரம் நடந்துகொண்டிருந்தபோது 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழின் புகைப்படக்காரர் ஹோஷி ஜால் ஒரு படம் எடுத்தார். தெருவில் ஒரு மனிதர் இறந்து கிடக்கிறார். படத்தை எடுத்தவரின் பெயர் வரலாற்றில் உள்ளது. வெளியிட்ட நாளிதழின் பெயர் உள்ளது. கிடப்பவரின் பெயர் மட்டும் இல்லை.

இன்னொரு படத்தொகுப்பும் உண்டு. அது புதாபெஸ்ட், பாரிஸ், சிம்லா என்று பல ஊர்களில் வாழ்ந்த ஒரு குடும்பத்தினுடையது. குடும்பத் தலைவர் உம்ராவ் சிங் ஷேர்கில் சம்ஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். பல பதிற்றாண்டுகள் விடாமல் படம் எடுத்தவர். தன்னையே எண்ணற்ற முறை எடுத்துக்கொண்டார். மனைவியையும் இரு மகள்களையும் வரவேற்பறையில், பியானோவின் அருகில், கண்ணாடியின் முன்னால் நிறுத்தி எடுத்தார். அவற்றில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவையெல்லாம் பெரும்பாலும் தெரியும்.

இவ்விரண்டும் ஒரே கலைஞரின் கைக்கு வந்து சேர்ந்தன. அக்கலைஞர் விவான் சுந்தரம் (1943–2023). ஓவியராகத் தொடங்கி நிறுவல் கலை, புகைப்படம், காணொளி, ஒலி, அரங்கம், ஆடை வடிவமைப்பு எனப் பல ஊடகங்களில் இயங்கியவர். இந்திய நிறுவல் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் என்பது கலை வரலாற்று நூல்களில் அவருக்கு வழக்கமாகத் தரப்படும் அடைமொழி. அது சரியானதே. ஆனால் அவர் ஏன் ஊடகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார் என்ற கேள்விக்கு அந்த அடைமொழியில் விடை இல்லை. ஆவணம் நிரம்பி வழியும் ஒரு குடும்பத்துக்கும் ஆவணமே இல்லாத மனிதர்களுக்கும் இடையிலான தூரத்தை எப்பொருளைக் கொண்டு அளப்பது என்ற தேடலாக அவருடைய ஐம்பதாண்டுப் பணியை வாசித்தால் அந்த மாற்றங்கள் விளங்கத் தொடங்குகின்றன.

*

விவான் 1943 மே 28 அன்று சிம்லாவில் பிறந்தார். தாய் இந்திரா, ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தங்கை. அம்ரிதா 1941 டிசம்பரில் லாகூரில் தமது 28ஆம் வயதில் காலமானார். ஆகவே தம் வாழ்நாள் முழுவதும் எவரைப் பற்றிப் படைத்துக்கொண்டிருந்தாரோ அந்தப் பெரியம்மாவை விவான் பார்த்ததே இல்லை. படங்களாலும் கடிதங்களாலும் வீட்டுப் பேச்சாலும் மட்டுமே அறிந்திருந்தார்.

தந்தை கல்யாண் சுந்தரம் தமிழர், ஐ.சி.எஸ். அதிகாரி. சுதந்திர இந்தியாவின் முதல் சட்டச் செயலராகவும், 1958 முதல் 1967 வரை தலைமைத் தேர்தல் ஆணையராகவும் பணியாற்றினார். 1962, 1967 பொதுத் தேர்தல்கள் அவர் பொறுப்பில் நடந்தவை. வாக்காளர் பட்டியல் என்பது ஒரு குடியரசு தன் மக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிவைக்கும் ஏடு. தாய்வழியில் குடும்பப் படங்களின் குவியல். தந்தைவழியில் அரசு ஏடுகளின் உலகம். பதிவு என்பதன் இரு முகங்களும் விவானுக்கு இளமையிலேயே அறிமுகமாகியிருந்தன.

1961 முதல் 1965 வரை பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றார். கே.ஜி. சுப்பிரமணியன் அங்கு ஆசிரியராக இருந்த காலம் அது. 1966இல் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குச் சென்றார். அங்கு ஆர்.பி. கிடாஜ் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். ஓவியத்துடன் திரைப்பட வரலாறும் கற்றார். தனித்தனிக் காட்சிகளை வெட்டி ஒட்டிப் புதுப்பொருள் உண்டாக்கும் படத்தொகுப்பு முறை அவருடைய பிற்காலப் பணியில் எங்கும் காணக்கிடைப்பதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம். 1968இன் மாணவர் எழுச்சியில் பங்கேற்றார். லண்டனில் ஒரு கூட்டுவாழ்வுக் குடியிருப்பில் 1970 வரை வாழ்ந்தார். பின்னர் இந்தியா திரும்பினார்.

அடுத்த இருபதாண்டுகள் அவர் முதன்மையாக ஓவியரே. நெருக்கடி நிலைக் காலத்தை மையமாகக் கொண்ட கோட்டோவியங்கள் அக்காலத்தவை. 1976இல் கசௌலியில் கலை மையம் ஒன்றைத் தொடங்கினார். ஓவியர்களும் நாடகக்காரர்களும் வரலாற்றாசிரியர்களும் கூடி விவாதிக்கும் இடமாக 1991 வரை அது இயங்கியது. 1981இல் பம்பாயிலும் தில்லியிலும் நடந்த 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' கண்காட்சியில் பூபேன் கக்கர், குலாம் முகமது ஷேக், ஜோகேன் சௌத்ரி, நளினி மலானி, சுதிர் பட்வர்தன் ஆகியோருடன் பங்கேற்றார். அருவ ஓவியம் செல்வாக்குப் பெற்றிருந்த சூழலில் மனித உருவத்தையும் இடத்தையும் கதையையும் ஓவியத்துக்குள் மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது அக்குழுவின் நிலைப்பாடு. அக்கண்காட்சிக்கான கட்டுரையை எழுதியவர் கலை விமர்சகர் கீதா கபூர். 1985இல் இருவரும் மணம் புரிந்தனர். தாய்வழிக் குடும்பத்தை அவர் பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாகத் தீட்டியதும் (1983–84) இக்காலத்தில்தான்.

1989 ஜனவரி முதல் நாள் சாகிபாபாதில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அவர் நினைவாக அதே ஆண்டு உருவான 'சஹமத்' அமைப்பின் நிறுவன உறுப்பினர்களுள் விவானும் ஒருவர். ஒரு கலைஞரின் பெயரைச் சாவுக்குப் பிறகும் பொதுவெளியில் நிலைநிறுத்துவது கூட்டு முயற்சியால் கைகூடும் என்பதை அந்த அமைப்பு காட்டியது.

*

1991இல் வளைகுடாப் போர் மூண்டது. தொலைக்காட்சியில் முதன்முறையாக நேரலையில் காட்டப்பட்ட அந்தப் போரில் குண்டுவீச்சு தெரிந்தது, இறந்தவர்கள் தெரியவில்லை. அதற்கு எதிர்வினையாக விவான் காகிதத்தில் கரியையும் எஞ்சின் ஆயிலையும் கொண்டு ஒரு தொடரைப் படைத்தார். சட்டகத்துக்குள் அடங்காத காகிதத் தாள்கள் சுவரிலிருந்து தரைக்கு இறங்கின. சில படைப்புகளில் துத்தநாகத் தட்டுகளில் ஆயில் தேங்கி நின்றது.

இங்கு ஊடக மாற்றத்தின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் எதையும் சித்திரிக்க வல்லது. ஆனால் அது சித்திரிக்கும் பொருளோடு அதற்கு உடலுறவு ஏதும் இல்லை. எஞ்சின் ஆயிலோ அந்தப் போர் எதற்காக நடந்ததோ அந்தப் பொருளிலிருந்தே வந்தது. அது காகிதத்தில் ஊறும், பரவும், கறையாகும். பார்வையாளரின் மூக்கையும் எட்டும். குறியியலார் இவ்வேறுபாட்டை இரண்டாகப் பகுப்பர்: ஒப்புமையால் பொருள் உணர்த்தும் குறி ஒன்று, பொருளோடு நேரடித் தொடர்பு கொண்டு அதைச் சுட்டும் குறி மற்றொன்று. காலடித் தடம் நடந்தவரைச் சுட்டுவதும் புகை நெருப்பைச் சுட்டுவதும் இரண்டாம் வகை. தமிழ் இலக்கணத்தின் 'சுட்டு' என்ற சொல் அதற்கு நன்கு பொருந்தும். 'அவன்', 'இவன்' என்னும் சொற்கள் தம்மளவில் எவரையும் விவரிப்பதில்லை. பேசுபவன் நிற்கும் இடத்திலிருந்து ஒருவரை நோக்கி விரலை நீட்டுகின்றன. விவான் 1991இல் சித்திரிப்பிலிருந்து சுட்டுக்கு நகர்ந்தார் எனலாம்.

புகைப்படமும் ஒரு சுட்டு. ஒளி ஒரு பொருளின்மீது பட்டுத் திரும்பியதன் தடம் அது. 'இங்கே இவர் இருந்தார்' என்பதற்கு மேல் அது எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. பம்பாய்த் தெருவில் கிடந்த மனிதரைப் பற்றி மிஞ்சியிருந்தது அந்த ஒரு சுட்டு மட்டுமே.

*

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து டிசம்பரிலும் மறு மாதத்திலும் பம்பாயில் கலவரங்கள் நடந்தன. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் இறந்தோர் எண்ணிக்கையை 900 எனக் கணக்கிட்டது: முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, பிறர் 5, அடையாளம் தெரியாதோர் 45. அரசின் கணக்கேட்டிலேயே பெயரும் சமயமும் பதிவாகாமல் போனவர்கள் அந்த 45 பேர். தெருவில் கிடந்தவர் அவர்களுள் ஒருவரா என்று படம் சொல்வதில்லை. ஆனால் அந்த வரிசைக்கு ஒரு முகம் தேவையெனில் நினைவுக்கு வருவது அப்படமே.

1993இல் தில்லியில் காட்சிக்கு வைக்கப்பட்ட 'மெமோரியல்' என்னும் நிறுவல் அந்த ஒற்றைப் படத்தைச் சுற்றி எழுப்பப்பட்டது. டிரங்குப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய வாயிலைக் கடந்து பார்வையாளர் உள்ளே நடக்க வேண்டும். அந்த நடைவழியின் அமைப்பு தலைவர்களின் சமாதிகளை நினைவூட்டுவது. ஆனால் வாயிலின் பொருள் பளிங்கோ கருங்கல்லோ அன்று. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவன் தலையில் சுமந்துவந்த பெட்டி. கண்ணாடிப் பேழைகளில் அதே புகைப்படத்தின் படிகள் மீண்டும் மீண்டும் வைக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் உடலைச் சுற்றிலும் மேலும் ஆணிகள் அறையப்பட்டிருந்தன. ஒரு கோணத்தில் அவை காயங்கள். மறு கோணத்தில் அந்த உடலை மூடும் கோடித்துணி. அரசு மரியாதை பெற்ற தலைவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த கட்டட மொழியை விவான் பெயர் தெரியாத ஒருவருக்கு வழங்கினார்.

இப்படைப்பின்மீது வைக்கத்தக்க கேள்வி எளிதானது அன்று. அந்த மனிதருக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கும். இறந்த கோலத்தில் தம்மைக் காட்சிக்கு வைக்க அவர் ஒப்புதல் தரவில்லை. நாளிதழ் ஒரு நாள் காட்டிவிட்டு மறந்தது. கலைக்கூடமோ பல ஆண்டுகள் காட்டுகிறது. காட்டாமல் விட்டால் மறதி. காட்டினால் மீண்டும் ஒரு பறிப்பு. ஆணிகளுக்கு இங்கு ஓர் அறவியல் பொருள் உண்டு. விவான் படத்தைப் பெரிதாக்கி நுணுக்கங்களை வெளிக்கொணரவில்லை. பார்ப்பதற்குத் தடையாகவே ஒரு பொருளை அதன்மீது அடித்தார். காட்டவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும் என்ற இரட்டைக் கடமையை அவர் தீர்த்துவிட்டார் எனச் சொல்ல இயலாது. கடமை இரட்டையானது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பது மட்டும் தெளிவு.

*

இதன் பின்னரே அவர் சொந்தக் குடும்பத்தின் ஆவணங்களை ஓவியத்துக்கு வெளியே எடுத்து வந்தார் என்பது கவனத்துக்குரியது. 1995இல் புதாபெஸ்டில் 'ஷேர்கில் ஆர்க்கைவ்' காட்சிக்கு வந்தது. படங்களும் கடிதங்களும் குடும்பப் பொருள்களும் பெட்டிகளுக்குள் அமைக்கப்பட்டிருந்தன. 'மெமோரியல்' வாயிலில் அடுக்கப்பட்ட வெற்று டிரங்குகளையும் இந்த நிறைந்த பெட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றின் பொருளை மற்றொன்று விளக்குகிறது.

2001–02இல் 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்ற கணினி ஒட்டுப்படத் தொடர் வந்தது. தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல் ஒரு காட்சியை மீண்டும் படமெடுப்பதையும் குறிக்கும். ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும் குறிக்கும். இரு பொருளும் இங்குச் செல்லும். பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்த படங்களும் அம்ரிதாவின் ஓவியங்களும் வெட்டப்பட்டு ஒரே கறுப்பு வெள்ளைச் சட்டகத்துக்குள் தடையமின்றி இணைக்கப்பட்டன. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில் எடுக்கப்பட்டவர்கள் ஒரே அறையில் நிற்கிறார்கள். தந்தையும் மகளும் ஒருவரையொருவர் நோக்குகிறார்கள். சகோதரிகள் ஒருவர் அருகில் ஒருவர் அமர்கிறார்கள். பிறப்பதற்கு முன்பே மறைந்த பெரியம்மாவை, 1954இல் மறைந்த பாட்டனாரின் கண் வழியாக, பேரன் மறுபடி படமெடுக்கிறார்.

வரலாற்றாசிரியர் எவரும் இங்குத் திடுக்கிடுவது இயல்பு. புகைப்படம் சுட்டு என்றால், இரு சுட்டுகளை ஒட்டி நிகழாத ஒரு நிகழ்வை உண்டாக்குவது சான்றைத் திரிப்பதாகாதா? 'மெமோரியல்' படத்தின்மீது ஆணி அறைந்தவர் அதன் உள்ளடக்கத்தில் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. ஆணி ஆணியாகவே தெரிகிறது. 'ரீ-டேக்' படங்களில் கை வைத்த இடம் தெரிவதில்லை.

விடையின் ஒரு பகுதி மூல ஆவணத்தின் இயல்பிலேயே உள்ளது. உம்ராவ் சிங்கின் படங்கள் தற்செயலாக எடுக்கப்பட்டவை அல்ல. உடை, இருக்கை, கண்ணாடி, பார்வையின் திசை யாவும் அவரால் ஒழுங்கு செய்யப்பட்டவை. அவற்றில் அம்ரிதா தந்தை அமைத்த மேடையில் நிற்கும் மகள். குடும்ப ஆவணத்தில் எது மிஞ்சியது என்பதும் தற்செயல் அன்று. அம்ரிதா வெளியூரில் இருந்தபோது பெற்றோர் அவருக்கு வந்திருந்த கடிதங்கள் பலவற்றை எரித்தனர். அதை அறிந்து அவர் வருந்தினார். ஆவணம் மிகுந்த வீட்டிலும் எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று முடிவு செய்தது அதிகாரமே. பேரனின் வெட்டும் ஒட்டும் அந்த அதிகாரத்தைப் புலப்படுத்துகின்றன.

மறு பகுதி அவருடைய இன்னொரு பணியில் உள்ளது. 2010இல் அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் இரண்டு பெரிய தொகுதிகளாக விரிவான குறிப்புகளுடன் பதிப்பித்தார். அங்கு அவர் கண்டிப்பான பதிப்பாசிரியர். கற்பனைக்கு ஒரு இடம், சான்றுக்கு ஒரு இடம் என்ற பிரிவினையை அவர் பேணினார். கலைக்கூடத்தில் ஆவணத்தோடு விளையாடியவர், ஆய்வாளர்கள் கையில் ஆவணத்தைச் சிதையாமல் ஒப்படைத்தார். இரண்டாவதைச் செய்யாதிருந்தால் முதலாவதற்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்காது.

*

ஆனாலும் இரு படைப்புகளுக்கும் இடையிலான சமமின்மை அப்படியே நிற்கிறது. ஷேர்கில் குடும்பத்தின் பேரனுக்குத் தன் ஆவணத்தைக் கலைத்து அடுக்கும் உரிமையும் வாய்ப்பும் இருந்தன. பம்பாய்த் தெருவில் கிடந்தவரின் பேரனுக்கு அடுக்குவதற்கு எதுவும் இல்லை. விளையாட்டுக்குக்கூட மிகுதி வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து விவான் மேற்கொண்ட பெரும்பணிகள் தனிக்குடும்பத்தைக் கடந்து பெயரற்ற கூட்டங்களை நோக்கித் திரும்பியதற்கு இந்தச் சமமின்மை உள்ளூர உந்துதலாக இருந்திருக்கலாம்.

1998இல் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தின் தர்பார் மண்டபத்துக்குள் ரயில் தண்டவாளத்தையும் சணல் மூட்டைகளையும் புத்தக அடுக்குகளையும் கொண்டுவந்து நவீன வங்கத்தின் வரலாற்றை அமைத்தார். பேரரசியின் நினைவுக்காகக் கட்டப்பட்ட கட்டடத்துக்குள் சணல் ஆலைத் தொழிலாளரின் மூட்டை நுழைந்தது. 2008இன் 'டிராஷ்' தொடருக்காகக் குப்பை சேகரிப்போருடன் இணைந்து, தில்லியின் கழிவுகளைக் கொண்டே ஒரு சிறு நகரத்தை உருவாக்கிப் படமெடுத்தார். 2011இல் 'ககாவாகா' நிகழ்வில் காகிதக் கோப்பை, மருத்துவமனைப் பொருள் முதலியவற்றால் செய்த ஆடைகளை அணிந்து நடிகர்கள் மேடையில் நடந்தனர். மேலிருந்து எடுக்கப்பட்ட அந்தக் குப்பை நகரம் கண்ணைக் கவரும் அழகுடையது. அந்த அழகு குப்பை பொறுக்குவோரின் உழைப்பைக் காட்டுகிறதா, மூடுகிறதா என்ற ஐயம் நியாயமானதே. 'மெமோரியல்' ஆணிகள் பார்வையைத் தடுத்தன. இங்கு தடுப்பது எதுவுமில்லை. அவருடைய பணிகளில் இக்கட்டம் சற்று நெகிழ்ந்தது எனல் தகும்.

2012இல் முதலாவது கொச்சி-முசிறி இருபதாண்டுக் கண்காட்சிக்கு அன்று, ஈராண்டுக் கண்காட்சிக்கு அவர் அளித்த 'பிளாக் கோல்ட்' மீண்டும் இறுக்கம் பெற்றது. சங்கப் பாடல்கள் முசிறி என்று பெயரிட்டுப் போற்றும் துறைமுகம் இருந்த இடமாகப் பட்டணம் என்னும் ஊரைக் கருதுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. 2007 முதல் அங்கு நடந்த அகழாய்வில் பானையோடுகள் பெருமளவில் கிடைத்தன. ஆய்வில் ஒதுக்கப்பட்ட ஓடுகளைக் கொண்டு விவான் தரையில் ஒரு நகரத்தை அடுக்கினார். காணொளியில் அந்த நகரத்துக்குள் வெள்ளம் புகுகிறது; மிளகு மிதக்கிறது. இலக்கியத்தில் முசிறியின் பெயர் நிலைத்தது. மன்னர் பெயர்களும் நிலைத்தன. அந்தப் பானையை வனைந்தவர் விட்டுச் சென்றது ஓடு ஒன்றே. அதுவும் ஒரு சுட்டுத்தான்.

2017இல் வரலாற்றாய்வாளர் ஆசிஷ் ராஜாத்யக்ஷாவுடன் இணைந்து பம்பாயில் 1946 கடற்படை எழுச்சியைக் கருவாகக் கொண்டு ஒரு நிறுவலை எழுப்பினார். 1946 பிப்ரவரி 18 அன்று 'தல்வார்' பயிற்சி நிலையத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாள்களில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் பரவி, 23ஆம் நாள் சரணடைவில் முடிந்தது. காங்கிரஸும் முஸ்லிம் லீகும் ஆதரிக்காத எழுச்சி அது. வேலையிழந்த மாலுமிகளைச் சுதந்திர நாடும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. விவான் இங்குப் படத்தை ஒதுக்கிவிட்டு ஒலியைத் தேர்ந்தார். கப்பலின் அடிவயிறு போன்ற ஓர் உலோகக் கூட்டுக்குள் சுமார் 40 பேர் அமர்ந்து, பலதிசை ஒலியாக ஒழுகும் சாட்சியங்களையும் அறிக்கைகளையும் முழக்கங்களையும் கேட்டனர். முகம் கிடைக்காதபோது குரலுக்கு இடம் தருவது என்ற முடிவு அது. 1991இல் தொடங்கிய தேடலில் அது தர்க்கப்பூர்வமான ஓர் எல்லை.

*

2018இல் தில்லி கிரண் நாடார் கலைக்கூடமும் மூனிக் நகரின் ஹவுஸ் டெர் குன்ஸ்ட் கலைக்கூடமும் அவருடைய படைப்புகளின் மீள்பார்வைக் கண்காட்சிகளை நடத்தின. கடைசிப் பெரும்படைப்பான புகைப்படத் தொடர் 2023 பிப்ரவரியில் தொடங்கிய சார்ஜா ஈராண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றது. அதே ஆண்டு மார்ச் 29 அன்று தில்லியில் காலமானார். தம் துணைவியாருடன் 2016இல் நிறுவிய ஷேர்கில்-சுந்தரம் கலை அறக்கட்டளை ஆவணப் பணிகளைத் தொடர்கிறது.

'மெமோரியல்' 2014இல் மறுவடிவம் பெற்று, இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. அருங்காட்சியக முறைப்படி அதற்குப் பதிவு எண் உண்டு, பயன்பட்ட பொருள்களின் பட்டியல் உண்டு, படைத்தவரின் பெயரும் பிறந்த ஆண்டும் உண்டு. புகைப்படக்காரரின் பெயரும் விளக்கங்களில் சொல்லப்படுகிறது. அந்த மனிதர் இன்று உலகின் மிகச் செம்மையான ஆவணக் காப்பகங்களுள் ஒன்றில் பத்திரமாக இருக்கிறார். அவர் பெயரை எழுதுவதற்குரிய இடம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. கலையால் அதை நிரப்ப முடியவில்லை. அங்கே ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்பதை முப்பதாண்டுகளாக மறக்கவிடாமல் வைத்திருக்கிறது.